மூணாவது பதில் சொல்லாத மாப்ள ஊடுங்க

ஆர்.கே.பேட்டை இராமலிங்கம் மாமா அவர்களுக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து உங்கள் அக்கா மகன் அன்புராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள், அத்தை, கறவை மாடு மூவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு நாங்கள் நலம். கேசரி மட்டும் அதிகமாகிவிட்டது.

போன்ல சொல்லலாம், ஆனா எவனோ உங்க பேர்ல பேசிக்கினு கீறான், அதான் லெட்டரு. நான் காலேஜ பாதில உட்டவன்தான் மாமா, ஆனா ரெண்டு கம்ப்யூட்டரு எப்டி பேசிக்குதுன்னு மட்டும் மண்டைல நின்னுச்சி. ஒண்ணு "பேசலாமா?"ன்னும். இன்னொண்ணு "பேசலாம், எடம் போட்டுட்டேன், நீ ரெடியா?"ன்னும். மொதல்ல கேட்டது மூணாவது பதிலா "ரெடி"ன்னாதான் மேட்டரே போவும். போனதுக்கு "வந்துச்சு"ன்னு பதில் வரலன்னா திரும்ப அனுப்பும். ஒண்ணும் தொலையாது. நர்மதா அக்காவ பொண்ணு பாக்க வர்றவங்களுக்கும் இதே ரூலுன்னு அம்மாவாண்ட சொன்னேன்.

அங்கதான் பேஜாரு. ஆரணியிலேர்ந்து ஒரு அம்மா "ஞாயித்துக்கெழம வரலாமா?"ன்னுச்சு. அம்மா "வாங்க, கெளம்பறப்ப சொல்லுங்க"ன்னுட்டு உளுந்து ஊற போட்டுச்சு. அப்புறம் சத்தமே இல்ல. அதே மாதிரி வேற வேற ஊடுங்க. எல்லா ஞாயிறும் புக்கு, ஒருத்தரும் வர்ல. நெசமா வர இருந்த பொன்னேரிக்காரங்களுக்கு "தேதி இல்லீங்க"ன்னு சொல்லிட்டு அம்மா அழுவுது: "டேய், உன் ரூலால என் பொண்ணு ஊட்லயே நிக்கிறா, வடை மட்டும் உன் வயித்துக்கு போவுது!" சர்வர்னு பெரிய கம்ப்யூட்டரும் இப்டிதான் படுத்துக்குமாம், பாதில நிக்கிறவனுக்கெல்லாம் எடம் புடிச்சி வெச்சி.

அரக்கோணத்துக்காரங்க ரயிலே ஏறிட்டாங்க. வழில ஒரு போனு: "பொண்ணோட தாய்மாமன் பேசறேன், ஜாதகம் சேரல, திரும்பிப் போயிடுங்க." கடம்பத்தூர்லயே எறங்கிட்டாங்க. எவனோ நடுவுல பூந்து பேரும், பேச்சு எங்க நிக்குதுன்னும் கரெக்டா சொன்னா கம்ப்யூட்டரும் நம்பி லைன வெட்டிடும் மாமா.

இப்ப ரூல மாத்திட்டேன். யாருக்கும் தேதி புடிக்கறதில்ல. கேட்டவங்க நம்பருக்கு அம்மாவே திரும்ப அடிச்சி ஒரு ரகசிய வார்த்த சொல்லும். அத திருப்பி சொன்னாதான் உளுந்து. பழவேற்காடு அருண்பாண்டியன், அக்கா வேல பாக்கற கம்பெனிதான், என்னாண்ட வார்த்தய கரெக்டா சொல்லிட்டாரு. இந்த ஞாயிறு வர்றாரு. நீங்களும் மாட்டுத் தடியோட வாங்க, உங்க பேர்ல பேசினவன புடிக்கணும்.

அத்தைக்கு என் வணக்கம், மாட்டுக்கு முதுகுல ஒரு தட்டு.

அன்புராஜ்

பின்குறிப்பு: இத படிச்சிட்டு அம்மா "நான் இன்னும் அவங்களுக்கு போனே அடிக்கலியேடா!"ன்னுச்சு. அக்கா சிரிச்சிட்டா, வார்த்தய அவருக்கு சொல்லிக் குடுத்ததே அவதானாம். ஆரணி அம்மாலேர்ந்து, வர்றேன்னுட்டு வராத அத்தன பேரும் அவ கம்பெனி பஸ்ல வர்ற பொண்ணுங்களாம். உங்க பேர்ல பேசினது அருண்பாண்டியன். அவங்க ரெண்டு பேருக்குள்ள மூணாவது பதில் எப்பவோ சொல்லி முடிச்சாச்சாம். தடிய அங்கயே போட்டுட்டு வெத்தல பாக்கோட வாங்க. உளுந்து ஊறுது.