மூச்சுப் பெட்டி

“பெட்டியைத் திறங்க.”

நான் கேட்டது இவ்வளவுதான். மைக்கில் கேட்டுவிட்டேன், அதுதான் வம்பு. எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று காலையில் டாக்சி ஓட்டிக்கொண்டே அப்பா கெஞ்சியது இந்த ஒன்றுக்காகத்தான்.

கொட்டகை முழுக்க ஓட்டுநர்கள். டாக்சி, வேன், சொந்தக் கார் என்று வாசலிலிருந்து முக்கு வரைக்கும் வண்டிகள். உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கார் பழுதுபார்க்கும் கொட்டகையில், ஆயில் சிந்திய தரையில், வெறுங்காலோடு! வழுக்கி விழுந்தவர்கள்கூடக் கும்பிட்டபடியேதான் விழுந்தார்கள்.

மேடையில் மூச்சு மாஸ்டர். போன வருஷம் வரை குளியலறைக் கண்ணாடி விற்றவர். ஒருநாள் ஒரு கார் அவரிடம் ‘மூச்சுத் திணறுது’ என்று சொன்னதாம். அன்றிலிருந்து பானட்டில் காதை வைத்து, கண்ணை மூடி, குறி சொல்லி, வண்டிக்கு மூச்சூட்டும் ‘மின் டர்போ’ என்று ஒரு பெட்டியை எஞ்சின் பக்கத்தில் மாட்டி விற்கிறார்.

“சிக்னல்ல உங்க பின்னாடி ஒரு வண்டி நின்னுச்சா?”

“நின்னுச்சு மாஸ்டர்!”

“அது உங்க வண்டியோட மூச்சை உறிஞ்சிடுச்சு.”

கூட்டம் உச்சுக் கொட்டும். சிக்னலில் பின்னால் வண்டி நிற்காத ஓட்டுநர் இந்த உலகத்தில் உண்டா? யாரும் கேட்கவில்லை.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்லும் பொய்க்குப் பக்கத்திலேயே ஓர் உண்மை உட்கார்ந்திருக்கிறது. டர்போ என்பது எளிய சங்கதி. எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அது இன்னொரு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். வண்டி மெதுவாகப் போகும்போது புகை போதாது. மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பாயும். புகைக்காகக் காத்திராமல், அந்த ஒரு கணத்துக்குள் மின்மோட்டாரை வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிவிடும் தொழில்நுட்பம் நிஜமாகவே உண்டு. நான் நாலு வருஷம் படித்த படிப்பு. ஆனால் அதற்கு விரல் பருமனில் கம்பி வேண்டும், தனி பேட்டரி வேண்டும். மாஸ்டர் பெட்டியின் கம்பி போன் சார்ஜர் கம்பியைவிட மெலிசு.

“மின்சாரம் கொஞ்சம்தான், மிச்சம் என் மூச்சு” என்பார் மாஸ்டர். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

பெட்டி வைத்தபின் ஓட்டிப் பார்க்க விரதங்கள் உண்டு. ஏசியை நிறுத்த வேண்டும், குளிர் பட்டால் மூச்சு சுருங்குமாம். டிக்கியில் ஒரு சாமானும் கூடாது, பாரம் மூச்சை அழுத்துமாம். காலை எடுக்காமல் முழுசாக மிதிக்க வேண்டும், சந்தேகப்பட்டு மிதித்தால் மூச்சு கோபித்துக்கொள்ளுமாம். மாஸ்டரின் மச்சான் ‘மூச்சுக்குக் காவல்’ என்று பின்சீட்டில் உட்காருவார். மிதித்ததும் பானட்டுக்குள்ளிருந்து உய்ய்ய் என்று விசில் வரும். வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போனபின் விசில் வராவிட்டால்? “மூச்சு உள்ள இறங்கிடுச்சு, இனி சத்தம் வராது.” எப்படி இருக்கிறது கதை!

எல்லாம் கூடி வந்தும் ஒரு குறை. படித்தவர் யாரும் இன்னும் சான்று சொல்லவில்லை. அங்கேதான் நான் வருகிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. பட்டமளிப்பு உடுப்பில் நான் முறைத்துக்கொண்டு நிற்கும் படம் அப்பாவின் டாக்சியில் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கும். அதைப் பார்த்த மாஸ்டர், “பொண்ணு இனிமே நம்ம கம்பெனி எஞ்சினியர்” என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. வேலை இதுதான்: வெள்ளைக் கோட்டு போட்டுக்கொள்ள வேண்டும். மைக்கில் “நான் சோதித்தேன், உண்மை” என்று சொல்ல வேண்டும். அப்பா கண்விழித்து வண்டி ஓட்டிப் படிக்கவைத்த படிப்பை வைத்து, அப்பாவைப் போன்றவர்களை மொட்டையடிக்க வேண்டும்.

நான் அதற்குப் பதில் பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.

“திறந்தா மூச்சு போயிடும்மா,” மாஸ்டர் சிரித்தார். பாதிச் சிரிப்புதான் வந்தது.

“படிச்ச திமிரு!” என்றது ஒரு குரல். அப்பா என் பக்கமே பார்க்கவில்லை.

“சரி, திறக்க வேணாம்,” என்றேன். “எங்கப்பா வண்டியில பெட்டி இருக்கு. நான் பானட்டைத் திறந்து மூடுவேன். பெட்டி உள்ள இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். உங்கள்ல ஒருத்தர் ஓட்டிட்டு வந்து சொல்லுங்க.”

“நான் சொல்றேன்!” பள்ளி வேன் ஓட்டும் அக்கா துள்ளி வந்தார். மாஸ்டரின் பெட்டியை முதலில் வாங்கியவர் அவர்தான். “மூச்சு இருக்கா இல்லையான்னு சீட்ல உக்காந்ததுமே சொல்லிடுவேன் கண்ணு. மாஸ்டர், பயப்படாதீங்க, நான் இருக்கேன்!”

அத்தனை பேர் முன்னால் மாஸ்டர் என்ன செய்வார்? தலையாட்டினார்.

பானட்டைத் தூக்கி, அதன் மறைவில் கொஞ்ச நேரம் நின்றேன். வெக்கை தாங்கவில்லை என்று கோட்டைக் கழற்றிச் சுருட்டி, மேடையோரத்து டீ மேசையில் வைத்தேன். அக்கா மட்டும் ஏறினார். ஏசி நிறுத்தம், டிக்கி காலி, முழு மிதி. வண்டி சீறிக்கொண்டு வாசலைத் தாண்டியது.

உய்ய்ய்ய்!

விசில் வந்தது. வண்டியிலிருந்து அல்ல, டீ மேசையிலிருந்து.

கூட்டம் திரும்பியது. மச்சான் பதறி, சட்டைப் பைக்குள் ஏற்கெனவே விட்டிருந்த கையால் எதையோ அமுக்கினார். உய்ய்ய்! நிறுத்தப் பார்த்து மறுபடி அமுக்கினார். உய்ய்! உய்ய்ய்! டம்ளர்கள் குலுங்கின.

“மேசைக்கும் மூச்சு வந்துடுச்சுடோய்!” ஒருவர் கத்தினார். “கியரைப் போடுங்கப்பா, எடுத்துட்டுப் போயிடலாம்!”

அதற்குள் அக்கா திரும்பி வந்து, வண்டியை நிறுத்தும் முன்பே தலையை வெளியே நீட்டினார். “பறக்குது! பெட்டி உள்ளதான் இருக்கு! என் பிள்ளைங்க மேல சத்தியம்!”

நான் பானட்டைத் தூக்கினேன். பெட்டி இருந்த இடத்தில் தூசி இருந்தது. கோட்டை விரித்தேன். பெட்டி.

அக்கா அதைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். “அப்போ எப்படிடி பறந்துச்சு?”

“ஏசியை நிறுத்தினா எஞ்சினுக்குப் பாரம் குறையும்க்கா. டிக்கி காலி. பெட்டி வச்சு ஓட்டிப் பார்த்த அன்னிக்குத் தவிர, என்னிக்காவது இப்படி முழுசா மிதிச்சிருக்கீங்களா?”

“வேன்ல பிள்ளைங்க இருக்கும்போது எவ மிதிப்பா?” என்றவர், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். “அட நாசமா போறவனே, என் காலைக் கழட்டி எனக்கே வித்திருக்கியே!”

திருப்புளியை நீட்டியது அப்பா. நான் கேட்கவே இல்லை.

நாலு திருகு. உள்ளே கைப்பிடி மணல், எடைக்கு. பொம்மைக்குப் போடுகிற, ரிமோட்டை அமுக்கினால் விசிலடிக்கும் ஒலிப்பெருக்கி ஒன்று, அதற்கொரு குட்டி பேட்டரி. பழைய கணினியிலிருந்து பிடுங்கிய விசிறி, அதற்கும் கம்பி கொடுக்கவில்லை. மாஸ்டரின் மூச்சை எங்கும் காணோம். மாஸ்டரையும் காணோம். செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை மனுஷன்.

சரி, தெளிந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

ஒரு டாக்சிக்காரர் கைகட்டிக்கொண்டு வந்து நின்றார். “மேடம், நீங்க தொட்டு மூடினதும்தானே வண்டி பறந்துச்சு? உங்க கையில ஏதோ இருக்கு. எங்க வண்டியையும் ஒருதடவை தொட்டுக் குடுங்க.”

அவருக்குப் பின்னால் வரிசை! அதற்குள் வரிசை!

“ஆமாம்மா,” என்றார் மச்சான், வேர்வையில் நனைந்த சட்டையோடு, பவ்யமாக. “கொட்டகை இருக்கு, கூட்டம் இருக்கு. நீங்களே மேடையில உக்காருங்க.”

அப்பா டாக்சிக்குள் உட்கார்ந்து ஏசி பொத்தானைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார். எஞ்சின் சத்தம் மாறுவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டகையில் யோசித்துக்கொண்டிருந்த ஒரே ஆள்.

கோட்டை மச்சான் தோளில் போட்டேன்.

“தொடணும்னா உங்க மண்டையைத் தொட்டுப் பாருங்கய்யா,” என்றேன். “அதுவும் மூடியே கிடக்குற பெட்டிதான். திறந்தா எதுவும் போயிடாது.”

காலையில் உள்ளே நுழையும்போதே என் செருப்பை ரோட்டைப் பார்த்துத்தான் கழற்றி வைத்திருந்தேன். மாட்டிக்கொண்டு நடந்தேன்.