பேட்டரி இல்லாத வளையம்

மண்டபத்தில் நிற்க இடமில்லை. எழுந்தால் நாற்காலி போய்விடும் என்று, வந்த தும்மலைக்கூட உட்கார்ந்தபடியே தும்மினார்கள்.

எல்லாம் ஒளிவள்ளல் என்ற சாமியாரைப் பார்க்கத்தான். அவருடைய உயிர்வளையத்துக்குப் பேட்டரி கிடையாது, சார்ஜ் கிடையாது. மேடையில் அவர் முன்னால் நின்று கையில் மாட்டினால் அதிலுள்ள விளக்கு ஆன்ம சக்தியில் தானாக எரியும். எரிந்தால் சர்க்கரை நோய் தீர்ந்தது என்று அர்த்தம். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் எரியாதாம்.

ஓரமாக நின்றிருந்த பொறியாளருக்கு வயிறு எரிந்தது. தோலில் ஒட்டுகிற, தோலுக்கடியில் வைக்கிற சென்சார்களுக்குச் சர்க்யூட் வடிவமைப்பது அவள் வேலை. அரிசியளவு சில்லு, அளவெடுக்கும்போது மட்டும் விழித்து மற்ற நேரமெல்லாம் தூங்க வேண்டும். பேட்டரி இன்னும் கொஞ்ச நாள் தாங்கட்டும் என்று அவள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறாள். இவரோ பேட்டரியையே ஒழித்துவிட்டார்.

அதைவிடப் பெரிய கவலை அவளுடைய அண்ணன். கையில் ஒட்டியிருந்த, சர்க்கரை அளக்கும் சென்சாரைப் பிய்த்தெறிந்து, இன்சுலினையும் நிறுத்திவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணியா குடிக்கிறீங்கன்னு அண்ணி அழறாங்க."

"நஞ்சு வெளியேறுதும்மா. ஐயா சொன்னாரு."

அண்ணன் மேடையேறினார். வளையம் பச்சையாக எரிந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் அவளும் ஏறிவிட்டாள்.

"நானும் பார்க்கலாமா ஐயா?"

"பாரும்மா. சந்தேகமும் ஒரு வியாதிதான்."

அண்ணன் கையிலிருந்து வளையத்தைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் மாட்டினாள். எரிந்தது.

"பாட்டிலுக்கும் சர்க்கரை போயிடுச்சு போலிருக்கே."

"நீரும் உயிர்தானே," என்றார் ஒளிவள்ளல். கூட்டம் தலையாட்டியது.

மேடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் காலில் மாட்டினாள். எரிந்தது.

"அதுல நான் உட்கார்ந்திருக்கேன். என் சக்தி இறங்கியிருக்கு." இதற்கும் கைதட்டினார்கள்.

"அப்போ சக்தி உங்ககிட்ட இருக்கு. இதை மாட்டிக்கிட்டுக் கொஞ்சம் கீழ வாங்க."

ஒளிவள்ளலுக்கு அந்த நேரம் பார்த்துத் தியானம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன்தான் வளையத்தை வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கினார். அணைந்தது. ஏறினார், எரிந்தது. இறங்கினார், அணைந்தது.

"என் ஆன்மா மேடையை விட்டு இறங்க மாட்டேங்குதே," என்று முணுமுணுத்தவர், குனிந்து கம்பளத்தைத் தூக்கினார். அடியில் செப்புக்கம்பி சுருள்சுருளாகக் கிடந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் சுவருக்கு ஓடியது. தோலுக்கடியில் வைத்த கருவிக்கு வெளியிலிருந்து ஒயரில்லாமல் மின்சாரம் ஊட்ட அவள் ஆய்வகத்தில் வைத்திருக்கும் அதே சங்கதி, இங்கே கொஞ்சம் தாராளமாக.

யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். தியானமும் கலைந்தது. ஒளிவள்ளல் பின்கதவு வழியே போன வேகத்தில் உண்மையாகவே ஏதோ ஒரு சக்தி தெரிந்தது.

அண்ணனின் விரலில் குத்திப் பார்த்தாள். மீட்டரில் சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. நேராக ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டாள்.

வழியில் அண்ணன் கேட்டார்: "இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேண்ணே. நான் சொன்னப்போ விளக்கு எரியல."

அவர்கள் போன பிறகும் மண்டபம் காலியாகவில்லை. அந்தக் கம்பளம் தனியாகக் கிடைக்குமா என்று ஒரு கோஷ்டி விசாரித்துக்கொண்டிருந்தது. இதைப் படிக்கிற ஐயா, அம்மா, உங்கள் தலைக்குள் இருக்கிற மூளையும் மிகக் குறைந்த செலவில் ஓடுகிற கருவிதான். அதற்காக அதை ஓட விடாமலே வைத்திருப்பதற்குப் பெயர் சிக்கனம் அல்ல.