மொட்டைப் பூனைப் பாடம்

புத்தகத்தை நேராகப் பிடித்திருக்கிறோமா, தலைகீழாகவா என்று செங்கம்மாவுக்கே தெரியவில்லை. படத்தில் பசுவின் கால்கள் கீழே இருந்ததால் நேராகத்தான் இருக்க வேண்டும்.

"படிம்மா," என்றாள் மகள் தாட்சாயணி. "வீட்ல அம்மா படிச்சுக் காட்டணுமாம். நாளைக்கு வகுப்புல அதை ஒப்பிக்கணும்னு சார் சொன்னாரு."

எல்லைக்கோடு நகர்ந்து நாகலாபுரம் ஆந்திராவுக்குப் போனதில் பள்ளிக்கூடமும் தெலுங்குக்கு மாறிவிட்டது. ரங்கையா என்று புது வாத்தியார் வேறு வந்திருந்தார். செங்கம்மா சந்தையில் தெலுங்கில் பேரம் பேசி யாரையும் மடக்கிவிடுவாள். ஆனால் தெலுங்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தமிழில் ஐந்தாவது வரை படித்தவள் என்று தெருவில் அவளுக்கு ஒரு பேர். மகளும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பிள்ளையிடம் தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை.

படத்தைப் பார்த்துத் தெலுங்கில் எடுத்துவிட்டாள். பசு வேப்பமரத்தடியில் நிற்கிறது, அதன் பேர் லட்சுமி, பால் கறக்கும்போது உதைக்கும்.

மறுநாள் சாயங்காலம் மகள் குதித்துக்கொண்டு வந்தாள். "சார் சரின்னுட்டாரு. வகுப்பு மொத்தமும் லட்சுமி உதைக்கும்னு சொல்லிச்சு."

ஏதோ குருட்டாம்போக்கில் பொருந்திவிட்டது என்று செங்கம்மா நினைத்தாள். அடுத்த பாடத்தில் குடையோடு ஒரு கிழவர். மகளைப் பார்க்கப் புத்தூருக்குப் போகிறார் என்றாள். மருமகன் சரியில்லை என்றும் சேர்த்தாள். அதுவும் சரியாம்.

"எப்படிய்யா எல்லாம் சரியாவுது?" என்று புருஷன் கன்னையாவைக் கேட்டாள்.

"நீ இன்னா சொன்னாலும் சரின்னுதான் நானும் கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லிக்கினு கீறேன்," என்று அவன் சோற்றில் கவனமாக இருந்தான்.

அவளுக்கு மண்டை குடைந்தது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அடுத்த பாடத்துக்குக் காத்திருந்தாள். பூனைப் படம் வந்தது. பூனை பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டது என்று கூசாமல் படித்தாள்.

மறுநாள் மகளை வாசலிலேயே மறித்தாள். "சார் இன்னா சொன்னாரு?"

"சரின்னாரு. பூனை லட்டு வாங்கியாந்துச்சான்னு கேட்டாரு. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாராம். அந்தப் பாடத்தை நான்தான் படிக்கணுமாம்."

இன்ஸ்பெக்டர் முன்னால் பிள்ளை பூனைக்கு மொட்டை போட்டால் ஊரே சிரிக்கும். அம்மா சொன்னதெல்லாம் புளுகு என்று பிள்ளைக்கும் தெரிந்துவிடும். ஆனாலும் தன்னால் பிள்ளை அவமானப்படக் கூடாது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

காலி வகுப்பில் ரங்கையா வாத்தியார் அந்தப் பூனைப் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் தாட்சாயணியோட அம்மா. அந்தப் பாடம் வந்து..."

வாத்தியார் சட்டென்று எழுந்து கதவைச் சாத்தப் போனார்; பிறகு பாதி திறந்தே விட்டுவிட்டு, தமிழில் குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல வேளை வந்தீங்க. நான் தமிழ் வாத்தியாரும்மா. தெலுங்குக்கு ஆள் கிடைக்காம என்னை இங்க மாத்திட்டாங்க. தெலுங்கு பேசுவேன், எழுத்து ஒண்ணும் தெரியாது. நீங்க வீட்ல சொல்லி அனுப்புறதைத்தான் இங்க பாடமா நடத்திக்கினு இருக்கேன். எல்லாம் சரி, அந்தப் பூனை எதுக்கும்மா மொட்டை போட்டுக்கிச்சு? இன்ஸ்பெக்டர் கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"