ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஒரு மின் நிலையம்

வீட்டில் ஒருவர் ஆராய்ச்சி செய்தால் மற்ற எல்லோரும் அதற்கு உதவி செய்வார்கள். செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாலும் செய்வார்கள். இந்த உண்மையை நான் எந்த விரிவுரையிலும் படிக்கவில்லை. பருத்தித்துறையில், எங்கள் வீட்டு விறாந்தையில், மானம் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் விஞ்ஞான பீடத்தில் இறுதி வருடம். சேற்றில் வாழும் பற்றீரியாக்களிடமிருந்து மின்சாரம் எடுப்பது என் ஆய்வு. (சிரிக்க வேண்டாம், எடுக்கலாம். வீட்டுக்கு விளக்கேற்ற முடியாதுதான். மீற்றரில் இலக்கம் ஓடும்.) தொண்டைமானாற்றுக் கடனீரேரியில் அண்ணையைக் கொண்டு சேறு அள்ளுவித்து, ஐஸ்கிறீம் பெட்டிகளில் நிரப்பி, காபன் துண்டும் வயரும் புதைத்து வைத்திருந்தேன். ஆய்வுகூடத்தில் கூட இருந்தவர்கள் அந்த நாற்றத்தை இரண்டு நாள் பொறுத்தார்கள். பிறகு என்னையும் பெட்டிகளையும் சேர்த்து வெளியே அனுப்பினார்கள். அப்படித்தான் அந்த மின் நிலையம் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தது.

"சுன்னாகத்திலையிருந்து வாற கரண்ட் உனக்குப் போதாதோ?" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

நான் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். மின்சாரம் கொடுப்பது தனி ஒரு பற்றீரியாவால் ஆகிற வேலை இல்லை. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஓர் இரசாயனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். கூட்டம் பெருகப் பெருக அந்த இரசாயனமும் கூடும். அது ஓர் அளவைத் தாண்டியதும், போதிய ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகுதான் காபனில் படையாக ஒட்டிக்கொண்டு, ஒன்றாக இலத்திரன்களைக் கொடுக்கத் தொடங்கும். அந்த இரசாயனம்தான் அவற்றின் பேச்சு. பேச்சு கூடினால் மின்சாரமும் கூடுமா என்பது என் கேள்வி.

"கரைவலை மாதிரி, அப்பா. ஆக்கள் சேந்தாப்பிறகுதானே இழுப்பினம்?" என்றேன்.

அப்பா கடலில் காலம் கழித்தவர். சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அப்ப சம்மாட்டி ஆர்?"

"இதுகளுக்குச் சம்மாட்டி இல்லை அப்பா. தங்களுக்குள்ளை கதைச்சு முடிவெடுக்கும்."

"வலைக்குச் சொந்தக்காரன் நிண்டு கத்தாமல் ஒருத்தனும் கயித்திலை கை வைக்கமாட்டான். உன்ரை ஆராய்ச்சி சரிவராது பிள்ளை."

ஆனால் சரிவந்தது. ஒவ்வொரு நாளும் இலக்கம் ஏறியது. பரீட்சை முடிந்து பட்டம் கையில் வந்தால் கொழும்பில் ஒரு வேலை எனக்காகக் காத்திருந்தது. வெளியிலிருந்து வரும் பரீட்சகரை என் மேற்பார்வையாளரான பேராசிரியை (நாங்கள் 'மடம்' என்றுதான் கூப்பிடுவோம்) வீட்டுக்கே கூட்டிவருவதாக ஏற்பாடு. நான் மனதுக்குள் கொழும்பில் அறை பார்த்து, கட்டில் எந்தப் பக்கம் போடுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் இலக்கம் இறங்கத் தொடங்கியது.

முதலில் வயரைச் சந்தேகித்தேன். எல்லா வயரையும் கழற்றிப் பூட்டினேன். பிறகு மீற்றரைச் சந்தேகித்தேன். பிறகு அண்ணையைச் சந்தேகித்தேன். "நீ பெட்டியைத் தட்டினனியோ?" என்று கேட்டதற்கு, "உந்த நாத்தத்துக்குக் கிட்ட மனிசர் போவினமோ?" என்றான். அண்ணிக்குக் குழந்தை பிறந்து, அந்தக் கிழமைதான் வீட்டில் தீட்டுப் போகத் துடக்குக் கழித்திருந்தார்கள். சடங்கன்று நான் நூலகத்தில் இருந்தேன். வீடு முழுக்கச் சனம் வந்து போயிருந்தது. யார் காலில் என்ன தட்டுப்பட்டதோ என்று வந்தவர்களையெல்லாம் வரிசையாகச் சபித்தேன்.

இரண்டொரு நாளில் இன்னொன்றைக் கவனித்தேன். வெள்ளைப் பெட்டியின் உள்விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சில பற்றீரியாக்கள், பேசிக்கொள்ளும் இரசாயனம் போதிய அளவு சேர்ந்ததும், நிறப்பொருள்களைச் சுரக்கும். அவை இலத்திரன்களைச் சுமந்து போகும். இதைப் படித்திருந்தேன். இங்கேயோ நிறம் நாளுக்கு நாள் கூடுகிறது, மின்னோட்டம் நாளுக்கு நாள் குறைகிறது! இது யாருமே காணாத புதினம். கெட்டிக்காரி என்றால் அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருப்பாள். நானோ அந்தப் பற்றீரியாவுக்கு என் பெயரை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளும் வந்தது. மடமும் பரீட்சகர் சேரும் வந்து விறாந்தையில் இருந்தார்கள். பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினேன். சேர் மீற்றரைப் பார்த்தார். இலக்கம் செத்துக் கிடந்தது. மடம் என்னைப் பார்த்தார். சேர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"உந்த மஞ்சள் என்ன பிள்ளை?"

அதற்காகத்தானே காத்திருந்தேன்! மூச்சு விடாமல் பேசினேன். நிறப்பொருள், இலத்திரன், இதுவரை அறியப்படாத தொடர்பாடல் முறை. கையைக் காலை ஆட்டிப் பேசினேன். மடத்தின் முகத்தில் பெருமை எட்டிப் பார்த்ததாகக்கூட எனக்குத் தோன்றியது.

சேர் குனிந்து பெட்டியை மணந்து பார்த்தார். திரும்பவும் மணந்தார்.

"உது கறிக்குப் போடுற மஞ்சள் எல்லோ?"

"இல்லை சேர். மணம் ஒரே மாதிரி இருக்கலாம். மூலக்கூறுகளின்ரை அமைப்பு அப்பிடி." (அப்போதும் நான் விடவில்லை.)

அந்த நேரம் பார்த்து, தேநீரும் தட்டு நிறையப் பருத்தித்துறை வடையுமாக அம்மா வந்தார்.

"மஞ்சள்தான் சேர். நான்தான் விட்டனான்."

அம்மா வலு சந்தோஷமாகத் தொடர்ந்தார்.

"துடக்குக் கழிச்ச அண்டைக்கு ஐயர் தந்த மஞ்சள் தண்ணியை வீடு முழுக்கத் தெளிச்சனான். உதுகளுக்கும் கொஞ்சம் தெளிச்சன், நாத்தம் குறைஞ்ச மாதிரிக் கிடந்துது. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு, நீங்களும் வாறியள். அதுதான் ஒவ்வொரு நாள் விடியவும் ஒரு கரண்டி கரைச்சு விட்டனான். கடைத்தூள் எண்டு நினைக்காதேங்கோ சேர். நானே காயவைச்சு இடிச்சது."

நிலம் பிளந்து என்னை விழுங்கவில்லை. வேண்டிய நேரத்தில் அது பிளப்பதே இல்லை.

மடம் வடையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சேருக்குத் தோள் குலுங்கியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, மஞ்சளிலை இருக்கிற சாமான் பற்றீரியாவின்ரை கதையைக் குழப்பக்கூடியது. உங்கடை மகளின்ரை பற்றீரியாக்கள் ஒண்டையொண்டு கேக்க ஏலாமல் தவிச்சிருக்குங்கள் போலை." பிறகு என் பக்கம் திரும்பினார். "மஞ்சள் படாத பெட்டி ஏதும் இருக்கோ?"

இருந்தது. ஒழுகுகிறது என்று நான் கைவிட்டு, அண்ணையின் வலைக் கொட்டிலில் எறிந்த பெட்டி. எஞ்சின் எண்ணெய் மணத்துக்கு அம்மா அந்தப் பக்கமே போவதில்லை. அண்ணை அதை முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கிவந்தான். வயரைக் கொடுத்தேன். இலக்கம் விறுவிறுவென்று ஏறியது.

"உதைத்தான் எழுத வேணும். ஆனால் ஒரு பெட்டியை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. மஞ்சளை அளந்து விட்டு, முதலிலையிருந்து செய்யுங்கோ," என்றார் சேர்.

முதலிலிருந்து! பட்டம் தள்ளிப்போனது. கொழும்பு வேலைக்கு என் வகுப்புத் தோழி போனாள். அன்றைக்கு மடமும் சேரும் வந்த கார் படலை தாண்டியதும் நான் வெடித்தேன். "ஆரம்மா உங்களைக் கேட்டது? ஆர் கேட்டது?" என்று கத்தினேன். அம்மா வெறும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ரை மஞ்சளாலை உனக்குப் பட்டம் கிடையாமல் போடுமோ பிள்ளை?"

அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் கத்த முடியவில்லை. அழத்தான் முடிந்தது. பட்டம் பிந்தித்தான் வந்தது, மஞ்சள் பற்றிய ஆய்வுக்காகவே வந்தது. இதுவரைக்கும் நல்லது. ஆனால் பட்டமளிப்புக்குப் போன அம்மா, அங்கே பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "உது என்ரை மஞ்சளாலை வந்த பட்டம்," என்று சொல்லித் தீர்த்தார். இன்றைக்கும் சொல்கிறார். ஆய்வுக்கு மஞ்சள் இடித்துக் கொடுத்தவர் என்ற முறையில் அவருக்கு உரிமை இருக்கிறதாம்.

என் தலையில் விழுந்தது வேறு. எங்கள் வீட்டில் யாராவது அளவுக்கு மிஞ்சிக் கதைத்தால், "உவளுக்குக் கொஞ்சம் மஞ்சள் கரைச்சு விடுங்கோ," என்பான் அண்ணை. அந்த 'உவள்' எப்போதும் நான்தான். கலியாணம் முடித்த கிழமையே அதை என் கணவருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் அதிகம் பேசாத மனிதர். நான் சண்டை பிடித்தால் பதில் சொல்லமாட்டார். எழுந்து குசினிக்குப் போவார். மஞ்சள் போத்தலை எடுத்துவந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு இருந்துவிடுவார். விஞ்ஞானப்படி அது மனிதர்களில் வேலை செய்யக் கூடாது. எனக்கு மட்டும் செய்கிறது.