குதிகால் மேஸ்திரியும் சுண்ணாம்புத் தண்ணீரும்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையில் குதிகால் மேஸ்திரி மிதித்துப் பார்க்காத மண்ணே கிடையாது. கல்யாணப் பந்தலில் மிதிப்பார், துக்க வீட்டு வாசலில் மிதிப்பார். கோவிலுக்குப் போனால் வலது குதிகாலைப் பிரகாரத்தில் நங்கென்று ஊன்றி, "அஞ்சு அங்குலம் ஜல்லி போதும்" என்று சாமிக்கே சொல்லிவிட்டுத்தான் கை கூப்புவார்.

நான் அப்போது ரோடு ஆபீசில் குமாஸ்தா. மோட்டார் பஸ் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்த காலம். அடிமண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிந்தால்தான் மேலே எத்தனை அங்குலம் ஜல்லி போடுவது என்று முடிவு செய்யலாம். அதற்குக் கருவி கிருவி எதுவும் எங்களிடம் இல்லை. மேஸ்திரியின் குதிகால்தான் இருந்தது.

அதிலும் காய்ந்த மண்ணை அவர் நம்பவே மாட்டார். "காஞ்ச மண்ணு பொய் சொல்லும் சார். நாலு நாள் ஊற வெச்சி மிதிச்சா உண்மையக் கக்கிடும்" என்பார். தம்பிக்குப் பெண் பார்க்கத் திருப்பத்தூர் போனவர், அந்த வீட்டு முற்றத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, "நாலு நாள் கழிச்சி வந்து பாத்துச் சொல்றேன்" என்றாராம். சம்பந்தம் அன்றைக்கே முறிந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போகும் ரோடு வேலை வந்தபோதுதான் வினை. சித்திரை வெயிலில் களிமண் பாறையாகக் கிடந்தது. ஓவர்சியர் பூட்ஸால் தட்டிப் பார்த்து, "ஆறு அங்குலம் போதும்" என்றார்.

"ஒம்பது சார். கம்மி பண்ணா ஐப்பசில வண்டி அச்சு வரைக்கும் எறங்கிடும்."

"எறங்கலன்னா?"

"ஊற வெச்ச எடத்துல தோல் வண்டி எறங்கலன்னா, நான் வேலைய வுட்டுட்டு வூட்டுக்குப் போய்ட்றேன் சார்!"

மேஸ்திரி வீட்டில் நாலாவது குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மனிதரோ உற்சாகமாக வரப்புக் கட்டி, பக்கத்துக் கால்வாயிலிருந்து தண்ணீரைத் திருப்பிவிட்டார்.

நாலாம் நாள் ஊரே கூடிவிட்டது. தோல் ஷாப் வண்டிக்காரர் பாஷா பாய் வண்டி நிறையத் தோலை ஏற்றிக்கொண்டு வந்தார். மாட்டை அதட்டினார். வண்டி கருங்கல் தரையில் போவதுபோல் கடகடவென்று அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது!

"இன்னா மேஸ்திரி, இதுக்கா இவ்ளோ பேஜாரு? மாடு திரும்பிக்கூடப் பாக்கலியே!" என்றார் பாய்.

"நாளைலேர்ந்து வர வேணாம்" என்றார் ஓவர்சியர்.

வேறு யாராக இருந்தாலும் ஓவர்சியர் காலில் விழுந்திருப்பார்கள். இவர் மண்ணில் விழுந்தார். ஒரு கட்டியைப் பிட்டு முகர்ந்தார், நாக்கில் வைத்தார். அடுத்த நொடி துள்ளி எழுந்து பாஷா பாயைக் கட்டிக்கொண்டார்.

"சுண்ணாம்பு! சார், சுண்ணாம்பு!"

தோலிலிருந்து மயிர் களைய ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளின் கழிவுதான் அந்தக் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. களிமண் அதைக் குடித்து இறுகிவிட்டது.

"தப்பு என்து சார்! வேலைய எடுத்துக்குங்க. நாலு நாள் மட்டும் குடுங்க, கெணத்துத் தண்ணி ஊத்திப் பாத்துடலாம்!"

ஓவர்சியர் ஆபீஸ் பக்கம் திரும்பி நடந்துவிட்டார். மேஸ்திரி பத்தடி தள்ளிப் புதிதாக வரப்புக் கட்டி, குடம் குடமாகத் தானே சுமந்து ஊற்றினார். தோள் தோலுரிந்துபோனது.

நாலாம் நாள் ஓவர்சியர் வந்தார். வண்டிக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் தானே காலை வைத்தார். கணுக்கால் வரை இறங்கிவிட்டது! கால் வெளியே வந்தது, பூட்ஸ் வரவில்லை. அதைத் தோண்டியெடுக்கக் கடப்பாரை தேவைப்பட்டது.

"ஒம்பது அங்குலம்னு எழுதிக்கய்யா" என்றார் என்னிடம், ஒற்றைக் காலில் நின்றபடி. "அந்த ஆளையும் நாளைக்கு வரச் சொல்லு."

மேஸ்திரி காதில் இது விழவேயில்லை. ரோடு முழுக்கக் கலக்கச் சுண்ணாம்புச் சேறு கிடைக்குமா என்று பாஷா பாயைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

ஆபீசுக்குத் திரும்பியதும் ஓவர்சியர் ஆட்கள் வருகையைக் குறிக்கும் மஸ்டர் ரோலைப் புரட்டினார். மேஸ்திரி பெயருக்கு நேரே நாலு நாளும் 'ஆஜர்' என்றிருந்தது.

"எவன்யா போட்டது?"

"மறதியா போட்டுட்டேன் சார்" என்றேன்.

மறதியெல்லாம் இல்லை. அந்தப் பைத்தியக்கார மனிதரின் பெயரை அடிக்க எனக்குக் கை வரவில்லை.