மாப்பிள்ளை அழைப்பில் பதினாலு வோல்ட்

பயந்தவன் கையில் வோல்ட் மீட்டரைக் கொடுக்கக் கூடாது. இதை நான் என் கல்யாணத்தில்தான் நிரூபித்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்குக் காளவாசலில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. எதைத் தொட்டாலும் எரிந்துவிடுமோ என்று பயம் (ரிப்பேர்காரனுக்கு இருக்கவே கூடாத குணம்). பெண் வீடு மலையடிவாரத்துக் கீழக்குயில்குடி. மாப்பிள்ளை அழைப்புக்கு மைக் செட் சொல்லக் கிளம்பிய மாமனாரைத் தடுத்தது நான்தான்.

“எதுக்கு மாமா? கடையில ஐம்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் இருக்கு. கார்லயே மாட்டிட்டு வாரேன். மலை அதிரும்.”

நான் அவருக்கு மூத்த மருமகன்; ஊரே பார்க்க நான் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. “பாட்டு பக்கத்துல கேட்டதும் ஆரத்தியோட வாசலுக்கு வந்துருங்க” என்று பெண்களிடம் சொல்லிவைத்தார்.

அன்று சாயங்காலம் ஊர் எல்லையிலிருந்து அம்பாசடர் கிளம்பியது. கூரையில் குழாய் ஸ்பீக்கர், சுற்றிலும் சீரியல் லைட். பாட்டு நிஜமாகவே அதிர்ந்தது. நான் பட்டு வேட்டி, மாலை, கையில் மீட்டர் சகிதம் உட்கார்ந்திருந்தேன். சும்மா இராமல், ஆம்ப்ளிஃபயருக்கு வரும் கார் பேட்டரி வயரில் வைத்துப் பார்த்தேன். பதினாலு!

பேட்டரியில் எழுதியிருப்பதோ பன்னிரண்டு. கூடுதல் இரண்டு எங்கிருந்து வந்தது? ஆம்ப்ளிஃபயர் புகைந்து, மாலை பற்றி, பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுப்பது வரை யோசித்துவிட்டேன்.

“அண்ணே, இஞ்சினை ஆஃப் பண்ணுங்க!”

டிரைவர் திரும்பினார். “வண்டி ஓடுனா அப்படித்தான் தம்பி காட்டும். மாப்பிள்ளையா லட்சணமா உக்காருங்க.”

“செட்டு எரிஞ்சிரும்ணே! தள்ளிக்கிட்டே போவோம்.”

கூட வந்த சிநேகிதர்கள் என்னைத் திட்டிக்கொண்டே தள்ளினார்கள். மீட்டர் பன்னிரண்டுக்கு வந்தது. எனக்கு உயிர் வந்தது. பாட்டுதான் கொஞ்சம் இறங்கியது. ஹெட்லைட்டும் சீரியல் லைட்டும் பேட்டரியின் மிச்சத்தைக் குடித்தன. மீட்டர் பத்துக்கு இறங்கியபோது கேசட் பாடகருக்குச் சளி பிடித்தது. பெண் வீட்டுத் தெருமுனையில் அவர் அடங்கியே போனார். பயந்துபோய் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம்.

வாசலில் ஒருவரும் இல்லை. கோலத்தின்மேல் ஓர் ஆடு நின்றிருந்தது. மாலையும் கழுத்துமாக இறங்கி நானே கதவைத் தட்டினேன். வெகுநேரம் கழித்து மச்சான், அதாவது பெண்ணின் அண்ணன், கையில் வடையோடு எட்டிப் பார்த்தார்.

“யாரு?”

“மாப்பிள்ளை.”

“அய்யய்யோ! பாட்டு பக்கத்துல வரவே இல்லையே!”

ஓடிவந்த மாமனார், எதிர்வீட்டு வாசல்களில் நின்று சிரிப்பவர்களைப் பார்த்தார். “மலை அதிரும்னு சொன்னீகளே மாப்ள” என்றார், மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுவாரம் கடை முதலாளி ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் காட்டினார். ஐம்பது வாட்ஸுக்குக் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷ்: 14.4 வோல்ட்டில்.

“பன்னெண்டுல முப்பத்தஞ்சுதான்டா வரும். பத்துக்கு இறங்குனா பாதிகூடத் தேறாது. நீ பயந்து நிறுத்துன அந்த ரெண்டு வோல்ட்டுலதான்டா இருந்துச்சு அம்புட்டுச் சத்தமும்!”

இன்றும் குடும்ப விசேஷத்தில் நான் நாலு வார்த்தை பேச எழுந்தால், “மாப்ள, இஞ்சினைப் போட்டுட்டுப் பேசுங்க!” என்று மச்சான் கத்துவார். முதலில் சிரிப்பவள் என் மனைவி. அன்று நான் கதவைத் தட்டியபோது, “வாடகைப் பாத்திரக்காரரா இருக்கும், பின்வாசலுக்குப் போகச் சொல்லுங்க” என்று உள்ளிருந்து சொன்னவளும் அவள்தானாம்.