கனடா எடுத்த தீச்சட்டி

கனடாவுல ஒரு நாள்கூடக் கால் வைக்காம, அந்த நாட்டைத் தலையில தூக்கிச் சுமந்த ஒரே மனுசன் எங்க சின்னமனூர்லதான் இருந்தான். அந்த ஊருப் பிரதமருக்குக்கூட அதைப் பத்தி அம்புட்டுக் கவலை இருந்திருக்காது.

அவனுக்கு அப்பன் ஆத்தா வச்ச பேரு ஒண்ணு உண்டு. பாஸ்போர்ட்டுல நானே பாத்திருக்கேன். ஆனா எங்க பஸ் ஸ்டாண்டுத் தெருவுல அந்தப் பேரைச் சொல்லி விசாரிச்சா, "அப்பிடி யாரும் இங்கன இல்லையே"ம்பாக. கனடான்னாத்தான் தெரியும். "கனடா டீ குடிச்சிட்டுப் போயிருச்சா?", "கனடாவுக்கு மூணு நாளா வயித்தால போகுதாம்ல" இப்பிடித்தான் பேச்சு ஓடும். வெளியூர்க்காரன் எவனாச்சும் கேட்டா மிரண்டு போவான்.

நான் அந்தத் தெருவுல ஜெராக்ஸ் மிஷினும் ரெண்டு கம்ப்யூட்டரும் வச்சுக் கடை நடத்துறவ. வீட்டுக்காரரு போயிச் சேந்ததுக்கப்புறம் வீட்டுல நானும் டி.வி.யும்தான். அதனால காலையில எல்லாருக்கும் முன்னாடி ஷட்டரைத் தூக்கிருவேன். தூக்குன உடனே உள்ள நுழையிற மொத ஆளு கனடா.

ஆளு திராட்சை வைக்கிற கோல்டு ஸ்டோரேஜ் கிட்டங்கியில மெக்கானிக்கு. மிஷின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறுன்னு சொல்லிருவான்னு பேரு. அது பொய்யி. மத்த மெக்கானிக்கு மாதிரி இவனும் ரெண்டு தடவை கழட்டி மூணு தடவை மாட்டுற ஆளுதான். ஆனா விடாக்கண்டன்.

வேலை தெரிஞ்ச ஆளுகளைக் கனடாக்காரங்க மார்க் போட்டு எடுக்குறாக. வயசுக்கு மார்க், படிப்புக்கு மார்க், வேலை பாத்த வருசத்துக்கு மார்க், இங்கிலீசுக்கு மார்க். எல்லாத்தையும் கூட்டிப் பாத்து, அவக போட்ட கோட்டைத் தாண்டிட்டா நிரந்தரமா அங்கனயே இருந்துக்கலாம். நம்ம ஆளு எப்பப் பாத்தாலும் கோட்டுக்குக் கொஞ்சம் கீழயே நிப்பான். இவன் எக்கிப் பிடிக்கப் போனா, கோடு இன்னும் மேல ஏறிக்கிரும்.

அதுல ஒரு கொடுமை, முப்பது தாண்டிட்டா வருசா வருசம் வயசுக்கு மார்க் கொறஞ்சுக்கிட்டே வரும். விவரம் தெரியாம அவன் பொறந்த நாளுக்கு நான் கேசரி கிண்டிக் கொண்டுபோய்க் குடுத்தேன். எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி என்னையப் பாத்தான்.

"இதுக்குப் போயி இனிப்பாக்கா? இன்னைக்கு மார்க் போன நாளு."

"அதுக்காகப் பொறக்காம இருந்திருப்பியா?"

"கொஞ்சம் பிந்திப் பொறந்திருக்கலாம்ல. எங்க ஆத்தா எதுலயுமே அவசரம்." சொல்லிக்கிட்டே கேசரி பூராத்தையும் தின்னுட்டான்.

வயசைக் கொறைக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் இங்கிலீசு மேல பாய்ஞ்சான். தெரு நடுங்குச்சு. டீக்கடைக்காரரு கிளாஸை நீட்டுனா, அதை வாங்காம, "திஸ் டீ ரிமைண்ட்ஸ் மீ ஆஃப் மை சைல்ட்ஹுட்"னு ஆரம்பிப்பான். அவரு, "தம்பி, கை சுடுது, மொதல்ல வாங்கித் தொலை"ம்பாரு.

ஞாயித்துக்கிழமையானா பஸ் ஏறிக் கூடலூர் தாண்டிக் குமுளிக்குப் போயிருவான். ஏலக்கா வாங்க வர்ற வெள்ளைக்காரங்களைப் பிடிச்சுப் பேசிப் பழக. ஒரு தடவை படகுத்துறைக்கு வழி கேட்ட புருசன் பொண்டாட்டிகிட்ட, குளிர்சாதனம் எப்பிடி வேலை செய்யுதுன்னு அடியில இருந்து விளக்கியிருக்கான். அவக பாவம், மரியாதைக்குத் தலையாட்டி நின்னதுல படகு போயிருச்சு. அங்கன இருந்த கைடு ஒருத்தரு, "எந்தா சேட்டா, எங்க பொழப்பைக் கெடுக்கவா மலை ஏறி வர்றே?"ன்னு சட்டையைப் பிடிச்சிட்டாராம். அதுக்கும் இவன் இங்கிலீசுலதான் மன்னிப்புக் கேட்டிருக்கான்.

குளிருக்குப் பழகணும்னு கிட்டங்கிக்குள்ள பனியனோட உக்காந்து மத்தியானச் சோறு தின்பான். ரசம் கட்டியாகிரும், இவன் பல்லு தந்தியடிக்கும். "பனிக்கட்டியை மென்னு முழுங்கவா போற?"ன்னு கேட்டா, "பழகிக்கிறேன்க்கா"ம்பான்.

இதெல்லாம் சிரிப்புத்தான். சிரிக்க முடியாத சங்கதி ஒண்ணு இருந்துச்சு. எதைச் சொன்னாலும் "நான் போற ஆளு"ம்பான். ரூமுக்குக் கட்டில் வாங்கல, போற ஆளு. கல்யாணத்துக்கு அழைச்சா வரமாட்டான், போற ஆளு எதுக்குப் பழகணும்? தெருநாயி வாலாட்டிக்கிட்டுப் பின்னாடி வந்தா, நின்னு அதுகிட்ட, "என்னைய நம்பாதடா, நான் இருக்கமாட்டேன்"ன்னு விளக்கம் சொல்லிட்டுப் போவான்.

கூடப் பொறந்தது ஒரே அக்கா, தேவதானப்பட்டியில. அக்கா மகளைக் கட்டிக்கிற முறை. அதுக்கும் "போற ஆளு"ன்னுட்டான். எத்தனை நாளைக்குக் காத்திருப்பாக? அந்தப் புள்ளைய வேற எடத்துல குடுத்துட்டாக. அக்கா பேச்சை நிறுத்திருச்சு. அந்தத் தீவாளிக்கு அவன் டூட்டி கேட்டு வாங்கிக்கிட்டு, திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவுல தனியா உக்காந்திருந்தான்னு வாட்ச்மேன் சொன்னாரு. கேட்டப்ப எனக்கு, இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள ஊர்ல இல்லாத ஆளா ஆகிட்டானேன்னு இருந்துச்சு.

கடைசியா மனுசங்க மேல நம்பிக்கை போயி, வீரபாண்டி கௌமாரியம்மன்கிட்டப் போயி நின்னுட்டான். "இந்த வருசம் கோட்டைத் தாண்ட வச்சிரு தாயி, சித்திரைத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்குறேன்." ஆத்தாவுக்குக் கனடா எந்தப் பக்கம்னு தெரியுமோ என்னமோ, பங்குனியில கோடு எறங்கிருச்சு. என் கடைக் கம்ப்யூட்டருல பாத்தான். இங்கிலீசும் வரல, தமிழும் வரல. என் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு, ஜெராக்ஸ் மிஷினையும் கும்பிட்டான்.

அப்புறம் காகிதமெல்லாம் அனுப்புனோம். மெட்ராசுக்கு வந்து கைரேகை குடுக்கணும், குடுக்கலைன்னா மனு ரத்துன்னு கெடு வச்சு பதிலு வந்துச்சு. அதே நேரத்துல திருவிழா.

"தம்பி, மொதல்ல ரேகையைக் குடுத்துட்டு வந்துரு. ஆத்தா எங்கயும் போகமாட்டா."

"சாமிக்குக் கடன் வச்சிட்டு நாடு தாண்டக் கூடாதுக்கா. அடுத்த வருசம் நான் இங்கன இருக்கமாட்டேன்ல? எடுத்துட்டு மக்காநாளே பஸ் ஏறிர்றேன்."

தீச்சட்டி எடுக்குறவக தனியா எடுக்கமாட்டாக. சனம் சூழ்ந்து போகும். ஒருத்தர் சட்டிக்கடியில வேப்பிலையை மாத்தி மாத்தி வைப்பாக, ஒருத்தர் மஞ்சத்தண்ணி ஊத்துவாக, முடியலைன்னா வாங்கிப் பிடிக்க ஒரு பங்காளி நிப்பான். நான் என் வேண்டுதலுக்கு அங்கன போயிருந்தேன். ஆத்தங்கரையில இருந்து வர்ற கூட்டத்துல பாக்குறேன், மஞ்ச வேட்டியோட கனடா. சுத்தி ஒரு ஆளு இல்ல. முன்னாடி போன குடும்பத்துப் பொம்பளைக, அவக வீட்டு ஆளுன்னு நெனச்சு இவனுக்கும் சேத்துக் குலவை போட்டுக்கிட்டிருந்தாக. அந்தக் குலவையை நம்பி அவன் பின்னாடியே நடக்குறான். வேப்பிலை எப்பவோ கருகிப்போச்சு. சட்டியைக் கீழ வைக்கவும் மாட்டேங்குறான்.

நான் இலையை ஒடிச்சிக்கிட்டு ஓடுனேன். கோயில் வாசல்ல எறக்கி வச்ச கையைப் பாத்தா, விரலு பூராக் கொப்புளம்.

"ஏலே, கூட ஒரு ஆளு இல்லாம எவனாச்சும் சட்டி எடுப்பானா? கூட வாக்கான்னு எனக்கு ஒரு வார்த்தை சொன்னா என்னடா?"

"போற ஆளு... எதுக்குக்கா சிரமம் குடுக்கணும்னு..."

அன்னைக்குத்தான் அவனை மொதமொதலா அடிச்சேன். முதுகுலதான்.

கட்டுப் போட்ட கையோட கெடுவுக்குப் பயந்து மெட்ராசுக்குக் கெளம்புனான். பையில இருந்து டிக்கெட்டை எடுக்க முடியாதவனை எப்பிடித் தனியா விடுறது? நானும் போனேன். ரேகை எடுக்குற ஆபீசுல, கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு பொண்ணு. கட்டைப் பிரிச்சு விரலை வச்சா மிஷினு கத்துது. திரும்ப வச்சாலும் கத்துது.

"கையில என்ன சார் ஆச்சு?"

நம்ம ஆளு நிமிந்து நின்னு, படிச்ச இங்கிலீசு மொத்தத்தையும் கூட்டி, "மேடம், ஐ கேரீடு ஃபயர் ஃபார் யுவர் கன்ட்ரி"ன்னான்.

அந்தப் பொண்ணு, "சார், நான் தாம்பரம்"ன்னுச்சு.

நல்ல புள்ள. தோலு ஆறட்டும், கெடுவுக்குள்ள திரும்ப வாங்கன்னு தேதி போட்டுக் குடுத்துச்சு. ஆறுமா, ஆறாதா? அதுதான் எங்க தெருவுக்கே கவலை. விரல்ல ரேகை வந்தாத்தான் கனடா. டீக்கடைக்காரரு தெனமும் கையை விரிக்கச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கிட்டு ஜோசியக்காரரு மாதிரி பாப்பாரு. சோறு நான் பெசஞ்சு ஊட்டுனேன். டீயை அவரு ஆத்தி வாயில வச்சு விட்டாரு. யாரு வீட்டுச் சோத்தையும் தொடாத பய, என் கடை ஸ்டூல்ல உக்காந்து, கோழிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தான். ஒரு மத்தியானம் ரசஞ்சோறு ஊட்டுறப்பப் பாக்குறேன், கண்ணுல தண்ணி.

"காரமா?"

"இல்லக்கா. நல்லாருக்கு."

ரேகை வந்துச்சு. இந்தத் தடவை மிஷினு கத்தல. கொஞ்ச மாசத்துல விசாவும் வந்துருச்சு. "யாரும் வழியனுப்ப வரக் கூடாது"ன்னு உத்தரவு போட்டான். நான் கேட்பேனா? தேவதானப்பட்டிக்குப் போன் போட்டேன். அக்கா வந்துச்சு. பேசல. நெத்தியில திருநீறைப் பூசிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னுச்சு. பஸ் நகந்ததும், அந்தப் பய ஜன்னல்ல தலையை விட்டு, நடுத்தெருன்னும் பாக்காம விக்கி விக்கி அழுதான். எம்புட்டு வருசமா கேட்டு வாங்குனது. எறங்கி வந்துருவானோன்னுகூட எனக்குப் பயமா இருந்துச்சு.

அங்கனயும் கோல்டு ஸ்டோரேஜ் வேலைதான். கிட்டங்கிக்குள்ளதான் கதகதப்பா இருக்காம், வெளியதான் குளிராம். பக்கத்து வீட்டுக்காரரு பேரு இன்னும் தெரியலையாம். பேசிப் பழகுன இங்கிலீசுக்கு ஆளு கெடைக்கலையாம். அக்கா இப்பப் பேசுதாம், வாரத்துக்கு ஒருக்கா, திட்டுறதுக்கு.

நான் ஷட்டரைத் தூக்குற நேரம் பாத்து எனக்குப் போன் வரும்.

"என்னடா?"

"சும்மாதான்க்கா."

"சும்மான்னா வையி. எனக்கு வேலை கெடக்கு." அவனும் வைக்கமாட்டான், நானும் வைக்கமாட்டேன். நான் கூட்டிப் பெருக்குற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு அந்தப் பக்கம் பேசாம உக்காந்திருப்பான்.

போன வாரம் போனே வரல. ஆளுங்க வந்தாக, போனாக, ஜெராக்ஸ் எடுத்தாக. ஆனா கடை திறந்த மாதிரியே இல்ல. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, நானே கூப்பிட்டேன். எடுத்தவன், "என்னக்கா?"ன்னு பதறுனான்.

"சும்மாதான் தம்பி"ன்னேன்.